பம்பை லூப்பின் ஏழாவது துண்டு

14.6.2004, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுட்டது. கம்பெனி பஸ் படப்பைக்கு இருபது நிமிஷம் லேட். ஒரகடம் வரை நின்றுகொண்டே.

சாயங்காலம் செய்ய வேண்டியவை:
பாட்டு 3 (பா.3), பம்பை சரிசெய்ய.
பா.4 வேகம் குறைக்க. பாடுகிறவருக்கு மூச்சு வாங்குகிறதாம்.
பிரபுவிடம் ஹெட்போன் கேட்க. என்னுடையதில் ஒரு காது செத்துவிட்டது.
தண்ணீர் கேன்.

ஆடிக் கிருத்திகைக்குள் கேசட் வெளிவர வேண்டும். வல்லக்கோட்டை முருகன் மேல் ஆறு பாட்டு. எழுதியவர் மனை வியாபாரி. செலவும் அவருடையது, அட்டையில் வரப்போகும் போட்டோவும் அவருடையது. மெட்டும் கீபோர்டும் பிரபு. ரிதம் நான். பதினைந்து வயதிலிருந்து கோவில்பட்டிப் பக்கக் கச்சேரிகளில் டோலக்கும் ரிதம் பேடும் வாசித்தவன். அட்டையில் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

பா.3-இல் ஒரு விஷயம். பம்பைக்காரர் வாசித்துக் கொடுத்த இரண்டு ஆவர்த்தனத்தை, திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அடி அடியாகக் கோடு போட்டுப் பதினாறு துண்டாக்கியிருந்தேன். துண்டாக்கினால்தான் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், அடிகளை மாற்றி அடுக்க முடியும். நேற்று மூடிவைத்தபோது ஏழாவது துண்டு நொண்டியது. என்ன செய்தும் சரியாகவில்லை. இன்று திறந்தால் நொண்டவில்லை. கோடு இடம் மாறியிருக்கிறது, தலைமுடி அளவு. நான் மாற்றவில்லை.

மனைவி சுமதியிடம் கேட்டேன். கம்ப்யூட்டரைத் தொட்டாயா என்று.

"தூசி தட்னேன். ஏன், இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்றேன். ரசம், அப்பளம்.

15.6, செவ்வாய்

வேலையில் மனம் இல்லை. இரண்டு பீஸ் ரிஜெக்ட். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுப் போனான்.

6.40க்கு வீடு. மானிட்டர் மேல் துணி போட்டு மூடியிருந்தது. துணிக்கு அடியில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

கீழ் வீட்டம்மா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிடித்துக்கொண்டார். "சார், மத்தியானம் ஆனா உங்க வூட்ல டங்கு டங்குனு ஒரே சத்தமா கீது. எங்க வூட்டுக்காரு நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து தூங்கறாரு. கொஞ்சம் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொல்வது? மத்தியானம் நான் ஒரகடத்தில் இருக்கிறேன். சுமதிக்கு முதல் ஷிப்ட், ஸ்ரீபெரும்புதூரில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். மூன்று மணிக்கு வந்துவிடுவாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடத் தெரியும், அவ்வளவுதான். இந்த சாஃப்ட்வேர் தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று, அதை எனக்குப் போட்டுக் கொடுத்த பிரபு.

பிரபுவுக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். மத்தியானம் சும்மா இருப்பவன். பைக் வைத்திருப்பவன். சுமதிக்கு ஊர்க்காரன், இரண்டு பேரும் மணிமங்கலம், ஒரே பள்ளிக்கூடம். அவன் வந்தால் அவள் சிரிக்கிறாள். என்னோடு பேசும்போது அப்படிச் சிரிப்பதில்லையோ என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். கேவலமாக இருக்கிறது. கோடு போட்டு அடிக்கவில்லை.

16.6, புதன்

ஷிப்ட் முடிந்து டீக்கடையில் பிரபு. ஹெட்போன் கொண்டுவந்திருந்தான். நேற்று மத்தியானம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"தூங்கினு இருந்தேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"மாரி, ரெண்டாவது பாட்டு கேட்டேன். பம்பை செமயா வந்துகீது. திரும்ப கை வச்சியா?"

சனிக்கிழமை சி.டி.யில் எழுதிக் கொடுத்தது. பா.2-ஐ நான் இரண்டு வாரமாகத் தொடவேயில்லை. அவனே தொட்டுவிட்டு என்னிடம் ஆழம் பார்க்கிறானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தான். அவன் தலைமுடியைப் பார்த்தேன். நன்றாக வாரியிருந்தான். தூங்கி எழுந்து வருகிறவன் இப்படியா வாருவான்?

வீட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டம்மா சொன்னதைச் சுமதியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ரேடியோ போட்டிருப்பேன். கொறைச்சிக்கறேன்."

ரேடியோ டங்கு டங்கென்றா சத்தம் போடும்?

17.6, வியாழன்

தலைவலி. காலையில் கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். பா.2-ஐத் திறந்து, பதினோராவது துண்டின் கோட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிவைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. சேமித்து மூடினேன். பார்ப்போம்.

பஸ்ஸில் எவனோ எவனிடமோ: "சொந்த வூட்டுலயே ஒட்டுக் கேக்கறான்டா அவன்." என்னைப் பற்றி இல்லை. ஆனாலும் காது சுட்டது.

18.6, வெள்ளி

பதினொன்று பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதோடு பதினாலாவது கோடும் நகர்ந்திருக்கிறது. பதினாலு கெட்டிருந்தது எனக்கே தெரியாது. ஹெட்போன் மாட்டி, முன்பு எழுதி வைத்த சி.டி.யையும் இதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பத்துத் தடவைக்கு மேல். ஆமாம், பழையதில் பதினாலாவது அடியின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பிரபுவுக்கு இவ்வளவு காது இருக்கிறதா? என் வீட்டுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகச் செய்துவிட்டுப் போகிறான். எதற்கு அதிகமாக எரிகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சுமதி கேட்டாள், சாப்பாடு ஏன் மீந்துவிட்டது என்று. வாய்ப்புண் என்றேன். நாளைக்கு பெர்மிஷன் போட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

19.6, சனி

இரண்டு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ. படப்பை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக வீட்டுக்குப் போகவில்லை. எதிர்க் கடையில் சோடா குடித்தேன். பிரபு பைக் தெருவில் இல்லை. வேறு எங்காவது நிறுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். 3.30க்கு மாடிப்படி ஏறினேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டேன்.

கதவு திறந்தே இருந்தது. சுமதி மட்டும். கம்பெனி ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் நாற்காலியில். தலையில் பிரபு கொடுத்த ஹெட்போன். முதுகு எனக்கு. மூக்கு மானிட்டரைத் தொடுகிற மாதிரி குனிந்திருந்தாள். திரையில் அலை பெரிதாக, ஒரே ஒரு அடி மட்டும் திரை முழுக்க. மவுஸால் கோட்டைப் பிடித்து இழுத்தாள். கேட்டாள். மறுபடி இழுத்தாள். விட்டாள். அடுத்த அடி.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரபு இல்லை. யாரும் இல்லை. இருபது தடவை மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உடனே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஒரு மணி நேரம் போராடும் இடத்தை அவள் நாலே இழுப்பில் முடித்தாள். சந்தோஷம் எந்த இடத்தில் தீர்ந்தது, மற்றது எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

திரும்பியவள் பயந்துபோய் ஹெட்போனைக் கீழே போட்டாள்.

"எப்பம் வந்தேன்னு கேக்காத. எப்பம் படிச்சே இத?" என்றேன்.

"நீங்க பண்ணும்போது பக்கத்துல குந்தினு பாத்துகினு இருப்பேன் இல்ல. நீங்கதான் வாய் வுட்டு சொல்லிகினே பண்ணுவீங்களே."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கோச்சிப்பீங்க."

கோபம் இல்லை என்றேன். எப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். சொன்னாள். கம்பெனியில் லென்ஸ் வழியாக நாள் முழுக்க ஈயப் பொட்டுகளைப் பார்க்கிறாளாம், எது நிறைந்திருக்கிறது, எது பாதி என்று. இதுவும் அதே மாதிரிதானாம். "அடி விழற எடத்துல மலை மாதிரி நிமிருது பாருங்க. நீங்க உச்சில கோடு போடறீங்க. அதுக்கு முன்னாடி, அடிவாரத்துல சின்னதா ஒரு நெளிவு கீது. குச்சி தோலை தொடற சத்தம் அது. அங்க போடணும். இல்லன்னா அந்த தொடுசத்தம் போன துண்டோட வால்ல போய் ஒட்டிக்கும்."

அடிவாரம். பதினைந்து வருஷமாகத் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறவன் நான்.

20.6, ஞாயிறு

சோதித்துப் பார்த்தேன். அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒரே லூப்பில் என் வெட்டு, அவள் வெட்டு, மாற்றி மாற்றிப் போட்டேன். எட்டுத் தடவை. எட்டும் சரியாகச் சொன்னாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மதியம் அவள் கோழி வாங்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டேன்.

23.6, புதன்

மழைக்கு முன்வரும் காற்று, மழை இல்லை. ஓ.டி. கேட்டார்கள், முடியாது என்றேன்.

மூன்று நாளாக மானிட்டர் ஜில்லென்று இருக்கிறது. சுமதி டி.வி. பார்க்கிறாள். பாஸ்வேர்டு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக வைத்திருந்தேன், வைரஸ் வருகிறது என்று. கேட்காதது அதைவிடக் கஷ்டம்.

பா.4 வரமாட்டேன் என்கிறது. வேகம் குறைத்தால் துண்டுகளுக்கு நடுவில் ஓட்டை விழுகிறது. பம்பையின் கார்வை, அடிக்குப் பின் இழையும் நாதம், அந்த இடத்தில் பொசுக்கென்று அறுந்து, "டக்" என்று ஒரு சத்தம். அடிவாரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். பாதி சரி. ஓட்டை அப்படியே.

27.6, ஞாயிறு

வடபழனி ஸ்டூடியோ. பிரபு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் முதுகைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. வழி நெடுகப் பாடிக்கொண்டே வந்தான்.

மிக்ஸிங் செய்கிறவர் சேகர் அண்ணன். முதல் மூன்று பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பா.3 முடிந்ததும் நாற்காலியைத் திருப்பினார். "லூப் மாதிரியே இல்ல. ஆள் உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு. யாரு கட் பண்ணது?"

"நான்தான்," என்றேன். யோசிக்கவேயில்லை, வாய் முந்திக்கொண்டது.

பிரபு என் தோளில் தட்டினான்.

அடுத்து பா.4. இருபது செகண்டில் நிறுத்திவிட்டார். "இது வேற ஆளா?"

அவசரத்தில் செய்தது என்றேன். அவருடைய மெஷினிலேயே உட்காரவைத்தார். சரிபண்ணுங்கள், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஏ.சி. அறை. வேர்த்துக் கொட்டியது. முக்கால் மணி நேரம். திரும்பி வந்தவர் கேட்டுவிட்டு ஃபைலை மூடினார். அடுத்த ஞாயிறு சரியாக வந்தால் சரி, இல்லாவிட்டால் அவருடைய ஆளை வைத்து ரிதம் போட்டுக்கொள்வாராம். அப்போது அட்டையில் அந்த ஆளின் பெயர்.

வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார். ஒரு சீரியல் வேலை வருகிறதாம். மூன்றாவது பாட்டு மாதிரி வெட்டுகிற ஆள் கிடைத்தால் சனி, ஞாயிறு வரச்சொல்வேன் என்றார். பிறகு பார்த்து நிரந்தரமாகவும் ஆகலாமாம்.

ஊரைவிட்டு வந்ததே இதற்காகத்தான். ஃபேக்டரி சும்மா, நடுவில் வந்தது. எட்டு வருஷமாக நடுவிலேயே இருக்கிறது.

28.6, திங்கள்

இட்லிக்கு நடுவில், ஏதோ பேச்சுவாக்கில் போல, "நாலாவது பாட்ட சும்மா ஒருதடவ கேட்டுப் பாரேன்" என்றேன்.

"எப்படி கேக்கறது? பூட்டு போட்டு வச்சிகிறீங்க."

தெரியாமல் இல்லை. முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அசடு வழிந்தேன். ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னேன். பா.3-ஐ யார் வெட்டியது என்று கேட்டதை மட்டும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பண்ணித் தரேன். அட்டைல என் பேரும் போடணும்."

"உனக்கு எதுக்குட்டி பேரு?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குதான்."

நீ என்ன தாளம் படித்தவளா, ஒரு வாத்தியத்தைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இன்னும் சில கேட்டேன். எழுத விருப்பமில்லை. அவள் கத்தவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்ப் படுத்துவிட்டாள்.

30.6, புதன்

பேச்சில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் மேசை மேல் இருக்கிறது, மூடி இறுக்கி. கூட்டு, பொரியல் எல்லாம் எப்போதும் போல.

சாயங்காலம் பிரபு வந்து அவனும் முயன்றான். அவனாலும் முடியவில்லை. "மூணாவது பாட்டுல பண்ணியே, அதே மாதிரி பண்ணுடா" என்கிறான். சுமதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்த்துச் சொன்னான்: "உன் வூட்டுக்காரு பெரிய ஆளுதான் சுமதி. ஸ்டூடியோவுல அண்ணன் அசந்துட்டாரு. யாரு கட் பண்ணதுன்னு கேட்டாரு, நம்மாளு நான்தான்னு சும்மா கெத்தா சொன்னான்."

டம்ளரை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பிரபுவுக்குப் பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டாள்.



2.7, வெள்ளி

பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். அவளிடம் போய் நின்று, உன் பேரும் போடுகிறோம், ஸ்டூடியோவிலும் சொல்கிறேன் என்றேன்.

"யார் வெட்னதுன்னு உங்க வாயால சொல்லணும்."

"சொல்லுதேன்."

"ஞாயித்துக்கெழமையே."

"சொல்லுதேன்னு சொன்னேம்லா."

3.7, சனி

அரை நாள் லீவு. அவள் வந்து முகம் கழுவி, மூன்றரைக்கு உட்கார்ந்தாள். ஐந்துக்கு முடித்துவிட்டாள். நான் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷமாக அவள் உட்கார்ந்த ஸ்டூல் அது.

பார்த்துக் குறித்துக்கொண்டது: ஓட்டையை அடைக்க அவள் அந்தந்த அடியை இழுக்கவில்லை. கடைசி அடியின் கார்வை நீளமாக இருக்கிறது. அதில் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி, மற்றவற்றுக்கு வாலாக ஒட்டினாள். ஒட்டும் இடத்தில் சத்தத்தைத் தேய்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவு. எப்படித் தெரியும் என்றேன். "கேட்டா தெரியுது" என்றாள். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. பெருமையடித்தால் வெறுக்க வசதியாக இருக்கும்.

பாட்டை முழுசாகப் போட்டோம். பிரமாதம். எழுந்துபோய் மொட்டைமாடியில் நின்றுகொண்டேன். கொடியில் அவளுடைய ஓவர்கோட் காய்ந்துகொண்டிருந்தது.

4.7, ஞாயிறு

சேகர் அண்ணன் பா.4 கேட்டார். "இதுதான். இதுக்குத்தான் சொன்னேன். அன்னிக்கு ஏன் வரல?"

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"உடம்பு சரியில்ல அன்னிக்கு," என்றேன்.

சனிக்கிழமையிலிருந்து சீரியலுக்கு வரச்சொல்லிவிட்டார். பிரபு சந்தோஷத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வீட்டில் சுமதி வாசலிலேயே இருந்தாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரு. பாராட்டினாரு."

முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு கடைப் பக்கம் ஓடினாள், எஸ்.டி.டி. பூத்துக்கு.

10.7, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஸ்டூடியோவில் டோலக் லூப் ஒன்று கொடுத்தார்கள். ஒரு மணிக்குள் வேண்டும். சுமதி செய்த மாதிரியே எல்லாம் செய்தேன். அடிவாரத்தில் கோடு. வால். தேய்ப்பு. அவள் கையில் வாசித்தது என் கையில் திக்கியது. சேகர் அண்ணன் பின்னால் நின்றார். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார். "மாரி, நிஜத்தச் சொல்லுங்க. அந்தப் பாட்டெல்லாம் யாரு பண்ணது?"

ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். "என் வீட்டுக்காரி."

"மியூசிக் படிச்சவங்களா?"

"இல்ல. கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன்."

அவர் சிரிப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் அவங்களக் கூட்டிட்டு வாங்க," என்றார். என்னை வரச்சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வரத்தான் சொன்னார்.

தாம்பரத்தில் இறங்கி இரண்டு படப்பை பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

11.7, ஞாயிறு

காலையில் சொன்னேன். எல்லாவற்றையும். பிரபு மேல் சந்தேகப்பட்டதைக்கூடச் சொல்லிவிட்டேன். அது தேவையில்லைதான், ஆனால் ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை.

வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை அவள். பிரபு விஷயத்தைக் கேட்டு, "சீ" என்றாள், அவ்வளவுதான். வேறொன்றுதான் அவளுக்குப் பட்டது.

"போன ஞாயிறு சொன்னேன்னு சொன்னீங்களே."

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் அன்னிக்கே எங்கம்மாவுக்கு போன் போட்டு சொல்லிட்டேன். ஸ்டூடியோவுல என் பேர சொன்னாங்கன்னு. எங்கம்மா தெருவு பூரா சொல்லிகினு கீது."

கத்தியை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெகு நேரம் குழாய்ச் சத்தம்.

மாலையில் ஒரே ஒரு வாக்கியம். "சனிக்கெழம எத்தினி மணிக்கு போவணும்?"

17.7, சனி

அவளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடிந்தது. காலையிலேயே கிளம்பினோம். பச்சைப் புடவை. ஸ்டூடியோ வாசலில் அவள் கை ஜில்லிட்டிருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில்தான் பிடித்துக்கொண்டாள், ஆனாலும்.

என்னை வெளியில் சோபாவில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதலில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அரை மணியில் நாற்காலி முழுக்க உட்கார்ந்துவிட்டாள். சேகர் அண்ணன் ஏதோ கேட்கிறார், இவள் திரையைக் காட்டி ஏதோ சொல்கிறாள். அவர் தலையாட்டுகிறார். என்னிடம் இப்படித் தலையாட்டியதில்லை.

டீ கொண்டுவந்த ஆள்: "நீங்க சுமதி மேடத்தோட வந்தவரா?"

ஆமாம்.

23.7, வெள்ளி

கேசட் அட்டை வந்துவிட்டது. மனை வியாபாரி முருகனைவிடப் பெரிதாக இருக்கிறார். பின்பக்கம் பொடி எழுத்தில் ரிதம். நான் எழுதிக் கொடுத்தது "மாரியப்பன், சுமதி". அச்சில் கமா விழுந்துவிட்டது. "மாரியப்பன் சுமதி". யாரோ ஒரே ஆள் மாதிரி.

மாற்ற நேரமில்லை என்றார்கள். சுமதியிடம் காட்டினேன். தடவிப் பார்த்தாள். தன் பெயர் மேல் விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. நானும் அதையேதான் செய்திருந்தேன், அச்சகத்திலேயே, என் பெயர் மேல்.

பத்து கேசட் மணிமங்கலத்துக்குப் போகிறதாம், அவள் அம்மா கேட்டு.

24.7, சனி

தூறல். ஸ்டூடியோ. இன்று எனக்கும் வேலை. சீரியலுக்கு டோலக் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீங்க வாசிப்பீங்கல்ல?"

உள்ளே மைக் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுமதி மெஷினில். நான் வாசிக்க வாசிக்க அவள் துண்டு போட வேண்டும். ஆறு மாதமாகக் கச்சேரி இல்லை, இருந்தாலும் கை சுகமாகப் போனது. நன்றாகவே வாசித்தேன். நாலு ஆவர்த்தனம். நிறுத்தினேன்.

ஹெட்போனில் அவள் குரல். ரூமில் ஐந்து பேர் இருந்தார்கள், எல்லாருக்கும் கேட்டிருக்கும். "ஏங்க, ரெண்டாவது அடி பின்னாடி விழுது. இன்னொரு வாட்டி வாசிங்க."

வாசித்தேன்.

"இன்னும் விழுது."

வாசித்தேன். எனக்கு எந்தப் பிழையும் கேட்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நாலாவது தடவை அவள் "ஆங், இதான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கோடு போட ஆரம்பித்துவிட்டாள். நான் டோலக்கிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முடிச்சூர் தாண்டியதும் கேட்டேன், அந்த இரண்டாவது அடி நெசமாவே பின்னால் விழுந்ததா, இல்லை எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும் என்று சொன்னாயா.

"ரெண்டும்தான்," என்றாள்.